ஜன்னல் சீட்டின் விலை

காலை ரயில் மாரிக்குப்பத்தை விட்டுக் கிளம்பும் முன்பே வாணி எட்டு சீட் பிடித்துவிடுவாள்.

மற்றவர்கள் துண்டு போடுவார்கள். அவள் தன் கல்லூரி நோட்ஸைத் தாள் தாளாகப் பிரித்துப் போடுவாள். எந்தத் தாள் கிடந்த இடத்தில் உட்காருகிறீர்களோ, அந்தப் பாடத்தைப் பெங்களூர் சேர்வதற்குள் அவளுக்கு நடத்திவிட வேண்டும்.

காசு வாங்க மாட்டாள்.

பேங்கில் வேலை செய்யும் பிரதாப் புள்ளியியலுக்கு மாட்டினார். ஹரோல்ட் அங்கிள் இங்கிலீஷுக்கு. ஒருமுறை டிக்கெட் பார்க்க வந்த டி.டி.இ. கால்வலி தாங்காமல் உட்கார்ந்து, கன்னடக் கட்டுரை ஒன்றைத் திருத்திக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தார்.

இப்படியே ட்யூஷன் இல்லாமல் ஐந்து செமஸ்டர் தாண்டிவிட்டாள். பாக்கி பொருளாதாரம் மட்டும். அதற்கு ஆள் சிக்கவில்லை.

நான் கோரமண்டல் ஸ்டேஷனில் ஏறி வாசலருகே நிற்பேன். எட்டு மாதமாக அப்படித்தான். யாருடனும் பேசுவதில்லை.

இன்று கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"அண்ணா, நீங்க எகனாமிக்ஸ் எம்.ஏ.வாமே. பத்து மணிக்கு அரியர் எக்ஸாம். இதுலயும் போச்சுன்னா பேத்தமங்களாவுல மாப்பிள்ளை ரெடி. எங்கப்பா தேதியே குறிச்சிட்டாரு. ஜன்னல் சீட் தர்றேன்."

"வேணாம்மா."

"சரி, நின்னுக்கினே சொல்லிக் குடுங்க. சீட்டை வேற ஆளுக்குக் குடுத்துக்கிறேன்."

உட்கார்ந்தேன்.

வெங்காய விலை ஏறினால் உங்கள் அம்மா பாதிதான் வாங்குகிறார், உப்பு விலை ஏறினால் ஏன் குறைப்பதில்லை என்று கேட்டேன். மாலூர் வருவதற்குள் தேவை நெகிழ்ச்சியை அவளே எனக்கு விளக்க ஆரம்பித்தாள்.

எதிரே ஹரோல்ட் அங்கிள் கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்.

"பாத்துப்பா. போன தடவ இதே மாதிரி சீட் குடுத்து உன்கிட்ட எகனாமிக்ஸ் கத்துக்கினவ, கடைசில வாத்தியாரையே கட்டிக்கினா."

பிரதாப் அவர் காலை மிதித்தார். அதற்குள் அவர் சொல்லி முடித்திருந்தார்.

எட்டு மாதம் முன்பு என் மனைவி அமலாவை அடக்கம் செய்த நாளிலிருந்து என் எதிரில் அவளைப் பற்றி ஒருவரும் வாய் திறந்ததில்லை.

வாணி தாளை மடிக்கப் போனாள்.

"அமலா மொதல்ல பாஸ் பண்ணா, அங்கிள்," என்றேன். "அப்புறந்தான் கல்யாணம்."

தாளை வாங்கி மறுபக்கம் திருப்பினேன்.