பழைய எண் பதினான்கு

"இந்த வருஷமும் ஜெரூஷாதான் வழி காட்டப் போறாள்னா, நான் ட்ரம்மைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போயிடுவேன் அங்கிள்," என்றான் எபி.

சேலையூரில் சர்ச் ஹாலில் கேரல் ரவுண்ட்ஸுக்கான கூட்டம் நடந்துகொண்டிருந்தது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் இளைஞர்கள் வீடு வீடாகப் போய்ப் பாடுவார்கள். அடுத்த வீடு எது என்று பார்த்துக் கூட்டிப்போக ஓர் ஆள் வேண்டும். போன வருடம் அது ஜெரூஷா.

"லிஸ்ட்டுல பதினாலுன்னா புது கதவு நம்பர். இவ பழைய நம்பரைப் பார்த்துட்டு எங்களைப் பத்ரி சார் வீட்டு வாசல்ல நிறுத்திட்டா. இவ்ளோ பெரிய மார்கழிக் கோலம் போட்டிருக்கு. அது கூடவா கண்ணுக்குத் தெரியல?" என்றான் எபி மறுபடி.

எல்லோரும் சிரித்தார்கள். ஜெரூஷாவும் சிரித்தாள். எவ்வளவு கிண்டல் செய்தாலும் கோபப்படத் தெரியாத பெண். குழுவுக்குத் தலைவரான வேதசிரோமணி அங்கிளுக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஷ்யாம்சுந்தர் மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் பத்ரியின் மகன் அவன்தான்.

போன வருடம் அவனுக்குப் பதினெட்டு வயது. கூடப் படித்தவர்களெல்லாம் கல்லூரிக்குப் போய்விட, அவன் மட்டும் இரண்டாவது முறையாக நீட் எழுத வீட்டில் உட்கார்ந்திருந்தான். "படிச்சியா?" என்பதைத் தவிர யாரும் அவனிடம் எதுவும் கேட்டதில்லை. அப்பாவும் அம்மாவும் படப்பைக்கு ஒரு பிறந்தநாள் விருந்துக்குப் போயிருந்த அன்று மாலை, செத்துப்போவதென்று அவன் முடிவெடுத்திருந்தான். அந்த நேரத்தில்தான் வாசலில் ட்ரம் சத்தம் கேட்டது.

தப்பான வீடு என்று சொல்லத்தான் இறங்கி வந்தான். பாதிப் பாட்டில் எப்படிக் குறுக்கே பேசுவது? முடியட்டும் என்று நின்றான். முடிந்ததும் அடுத்த பாட்டை ஆரம்பித்துவிட்டார்கள்.

கடைசியில் ஜெரூஷாதான், "சாரி, சரியான பதினாலு எங்கன்னு காட்டறீங்களா?" என்று கேட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு கூடப் போனான். போன இடத்தில் யாரோ நட்சத்திர விளக்குக் கழியை அவன் கையில் திணித்தார்கள். கழியை வைத்துக்கொண்டு எப்படித் திரும்பிப் போவது? அதற்குப் பிறகும் ஜெரூஷா ஏகப்பட்ட தெருக்களைத் தவறவிட்டாள். போன வீட்டிலெல்லாம் கேக் கொடுத்தார்கள். வயிறு நிறைய கேக்கோடு நின்றவனுக்கு, கிளம்பும்போது வேறு என்ன பேசுவதென்று தெரியவில்லை.

"அடுத்த ப்ராக்டிஸ் எப்ப?" என்று கேட்டான்.

"சனிக்கிழமை," என்றாள் ஜெரூஷா.

சனிக்கிழமை போனால் ஹால் பூட்டிக் கிடந்தது. அவர்கள் இரண்டு பேர் மட்டும். வீட்டு நம்பரைப் போலத் தேதியையும் குழப்பிக்கொண்டாள் என்று நினைத்தான். எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டு இருட்டும்வரை பேசினார்கள். மறுநாள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். அம்மா அழுதுவிட்டு, தாம்பரத்தில் ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிப்போனாள். இப்போது கல்லூரியில் பி.காம். படிக்கிறான்; இந்தக் கேரல் குழுவிலும் இருக்கிறான். இந்தக் குழுவில் யாருக்கும் இது தெரியாது.

"சரி, இந்த வருஷம் எபியே வழி பார்க்கட்டும்," என்றார் வேதசிரோமணி.

ஷ்யாம் எழுந்தான். "அங்கிள், ஜெரூஷாவே பார்க்கட்டும்."

"ஏம்ப்பா, உன் வீட்டு வாசல்லதானே அவ தப்பு பண்ணினா?"

"அதனாலதான் அங்கிள்."

முகம் சிவந்து நின்றான். வேதசிரோமணி மற்றவர்கள் பக்கம் திரும்பினார்.

"கஷ்டப்பட்டவனே சிபாரிசு பண்றான். அவளே பார்க்கட்டும். ஆனா புது நம்பர், ஜெரூ."

கூட்டம் முடிந்து கேம்ப் ரோட்டில் இருவரும் பஸ்ஸுக்கு நின்றார்கள்.

"எதுக்கு எனக்காகப் பேசினே?" என்றாள் ஜெரூஷா.

சொல்லிவிட்டான். அந்த மாலையில் எடுத்த முடிவிலிருந்து டாக்டர்வரை ஒன்று விடாமல் சொன்னான். அவள் ஐயோ பாவம் என்று சொல்லவில்லை.

"நீ நம்பரைத் தப்பாப் படிச்சதாலதான் நான் இன்னிக்கு இருக்கேன்," என்று முடித்தான்.

"தாம்பரத்துல எந்த டாக்டர்?"

"ரோஹிணி மேடம்."

"எனக்கும் அவங்கதான்," என்றாள் ஜெரூஷா. "ஜனவரியில இருந்து."

அவன் திரும்பிப் பார்த்தான். அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கோலம் என் கண்ணுக்கும் தெரிஞ்சுது, ஷ்யாம். ரவுண்ட்ஸ் முடிஞ்சா நான் வீட்டுக்குப் போகணும். போனதும் என்ன பண்றதுன்னு நானும் முடிவு பண்ணி வெச்சிருந்தேன். அதான் எவ்வளவு தப்பு வாசலுக்கு முடியுமோ அவ்வளவுக்கும் கூட்டிட்டுப் போனேன்."

பஸ் வந்து நின்றது. இருவரும் ஏறவில்லை.

"கடைசி வீடும் முடிஞ்சுது. அப்பதான் நீ அடுத்த ப்ராக்டிஸ் எப்பன்னு கேட்டே. ப்ராக்டிஸே கிடையாது. சனிக்கிழமைன்னு வாயில வந்ததைச் சொல்லிட்டேன். சொன்னதுக்கு அப்புறம், நீ வந்து நிப்பியேன்னு நானும் வர வேண்டியதாப் போச்சு."