காது உடைந்த கப்

“நல்லூர்ல எந்தப் பக்கம்மா?” என்று கேட்டார் கோதண்டபாணி.

துர்காவுக்குப் பழகிய கேள்விதான். முதலில் ஊரைக் கேட்பார்கள், பிறகு தெருவைக் கேட்பார்கள், அதற்கப்புறம் எதுவும் கேட்க மாட்டார்கள்.

“காலனி சார்.”

“அந்தப் பக்கம் ஆறு மணிக்கு மேல பஸ்ஸு இல்லையே…” என்று இழுத்தவர், உள்பக்கம் திரும்பி, “சொர்ணாம்மா, டீ கொண்டாங்க” என்றார்.

விருத்தாசலத்தில் அவருடைய பீங்கான் பட்டறையில் கப்புகளுக்குப் பூ வரையும் வேலை. இன்றுதான் முதல் நாள். அறை முழுக்க அலமாரி அலமாரியாகப் புதுக் கப்புகள். ஜன்னலோரத்தில் மட்டும், காது உடைந்த பழைய கப் ஒன்று தனியாகக் கவிழ்ந்து கிடந்தது. நுழைந்ததுமே துர்காவின் கண்ணில் பட்டது அதுதான்.

போன வேலையை அவள் விட்டதே இப்படி ஒரு தனி டம்ளரால்தான். இந்தச் சம்பளத்தை நம்பித் தங்கையைக் காலேஜில் சேர்த்திருக்கிறாள். ஆனாலும் அந்தக் கப் தன்னிடம் வந்தால் எழுந்துவிடுவது என்று கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

சொர்ணாம்பாள் கெட்டிலோடு வந்தாள். அறுபதைத் தாண்டியவள், புடவையெல்லாம் மண் தூசி. நேராக ஜன்னலுக்குப் போய் அந்தக் கப்பை எடுத்துக் கழுவினாள்.

துர்கா எழுந்துவிட்டாள்.

“எங்க கெளம்பிட்ட?”

“அதுல குடிக்க வேற ஆளைப் பாருங்கம்மா.”

“அதுக்கு ஆளு இருக்குது. நீ ஒக்காரு.”

தங்க விளிம்பு போட்ட புதுக் கப் துர்காவின் கைக்கு வந்தது. இன்னொரு புதுக் கப்பில் தனக்கு ஊற்றிக்கொண்டு, பக்கத்து நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்தாள் சொர்ணாம்பாள். காது உடைந்தது கோதண்டபாணியின் முன்னால் இருந்தது. அவர் சூடு தாங்காமல் விளிம்பை இரண்டு விரலால் பிடித்து ஊதிக் குடித்தார்.

“சார், உங்களுக்கா?”

“அவங்களையே கேளும்மா” என்று சிரித்தார்.

“இவங்கப்பா எனக்குன்னு ஒதுக்கி வச்ச கப்பு இது. இருபது வருஷம் குடிச்சேன். அவரு போனதும் இவரு வந்து, ‘அதைத் தூக்கிப் போடுங்க’ன்னாரு. ‘அதெப்படி, நீங்களும் ஒரு இருபது வருஷம் குடிங்க, அப்பறம் போட்டுக்கலாம்’னேன்” என்ற சொர்ணாம்பாள், ஒரு வாய் டீயை ருசித்து விழுங்கினாள்.

“இன்னும் ஆறு வருஷம் இருக்குது.”