முன்வரிசை

ஐந்தே முக்காலுக்கு எழுகிறேன். காப்பி, குளியல், ஸ்பிரிங்வேல் ஸ்டேஷனில் ஏழு பன்னிரண்டு ரயில். ஜன்னலோரம் உட்காருகிறேன். பெட்டி நிரம்பிப் பலர் நிற்கிறார்கள். என் பக்கத்து இருக்கையில் மட்டும் யாரும் உட்காருவதில்லை. பதினொரு மாதமாக இப்படித்தான்.

இன்று எங்கள் தெருவுக்குப் புதிதாக வந்திருக்கும் மன்னார்க்காரர் கிறிஸ்துநாயகம் ஏறினார்.

"இங்க உக்காருங்க, அங்கிள்."

"பரவாயில்லை தம்பி, அவ இருக்கட்டும்" என்று கம்பியைப் பிடித்து நின்றுகொண்டார்.

போன ஆகஸ்டில் ஒரு மண்டபத்தில் சீன இசைநாடகம். சீனர்கள் நிறைந்த ஈப்போவில் வளர்ந்த என் மனைவி கோமளாவுக்கு அதில் பைத்தியம். திருச்சிக்காரனான எனக்கு அதுதான் முதல்முறை. அவள் என்னை வாசலில் இறக்கிவிட்டுக் காரை நிறுத்தப் போனாள். அரங்கு நிறைந்திருந்தது. முன்வரிசை மட்டும் முழுக்கக் காலி. ஒன்றில் உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியில் என் கோட்டைப் போட்டு வைத்தேன். மேடையில் ஒருத்தி நீண்ட வெண்பட்டுச் சட்டைக் கைகளை வீசிப் பாடினாள். பாட்டு முடிவதற்குள் என்னைத் தேடி ஆள் வந்தது. தெருவைக் கடக்கையில் கோமளாவை லாரி அடித்திருந்தது.

சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் போடும் நாடகம் இறந்தவர்களுக்கானது, முன்வரிசையை அவர்களுக்கென்று விட்டுவைப்பார்கள் என்று இறுதிச்சடங்கில்தான் ஒருவர் சொன்னார்.

நான் இறங்கவேண்டிய ஸ்டேஷன் வந்தது. எழுந்தேன். காலி இருக்கையைத் தாண்டிக் கால் வைக்க முடியவில்லை. மறுபடி உட்கார்ந்தேன். கதவு மூடியது.

காரிலிருந்து அவள் கடைசியாகச் சொன்னது:

"எனக்கும் ஒரு இடம் பிடிச்சு வைங்க. வேற யாருக்கும் விட்றாதீங்க. இதோ வந்துடுறேன்."