எழுபத்தாறு கீ வேணும்

நெட்டையனின் வலது கை பேண்ட் பாக்கெட்டுக்குள் போனது போனதுதான். கடைக்குள் நுழைந்து பத்து நிமிஷமாகியும் வெளியே வரவில்லை. கத்திதான் என்று கடைக்காரம்மாவுக்குத் தோன்றிவிட்டது.

கூட வந்த குட்டையன் அதற்கும் மேலே. இடது கையில் முழங்கை வரைக்கும் துண்டைச் சுற்றியிருந்தான். அதற்குள் இரும்புக் கம்பி இல்லையென்றால் என் பேரை மாற்றிக்கொள்கிறேன் என்று நினைத்தபடி அவள் கல்லாவுக்குப் பின்னால் ஓரடி நகர்ந்தாள். அவன் நெற்றியில் புதுசாக ஒரு பிளாஸ்திரி வேறு.

"அக்கா, அரேஞ்சர் கீபோர்டு ஒண்ணு வேணும். எழுபத்தாறு கீ" என்றான் நெட்டையன்.

"அறுபத்தொண்ணு போதும்" என்றான் குட்டையன், அவளைப் பார்க்காமல் அவனை முறைத்து.

அவர்கள் ஒருத்தரையொருத்தர் திட்டிக்கொண்டதிலேயே முழுக் கதையும் அவளுக்குத் தெரிந்துபோயிற்று. குட்டையன் கட்டியிருப்பது நெட்டையனின் தங்கையை. இரண்டு பேரும் ஒரே பாட்டுக் குழுவில் மாறி மாறிக் கீபோர்டு வாசித்தவர்கள். போன வருஷம் ஒருநாள் அடித்துப் புரண்டதில் குழுக்காரர் இரண்டு பேரையும் சேர்த்தே துரத்திவிட்டார்.

இப்போது இன்னொரு வாய்ப்பு வந்திருக்கிறது. நாலு மணிக்குப் போய் அவர் முன்னால் வாசித்துக் காட்ட வேண்டும். காலியாக இருப்பது ஒரே ஓர் இடம். இன்றைக்கு விட்டால் வெளியாள் வந்து உட்கார்ந்துவிடுவான், அப்புறம் ஆயுசுக்கும் கிடைக்காது.

வீட்டில் ஒரு கீபோர்டு இருந்திருக்குமே என்று கேட்டாள். நேற்றுவரை இருந்தது, அறுபத்தொன்று என்றான் குட்டையன். எப்படிப் போயிற்று என்றதற்கு, நெற்றிப் பிளாஸ்திரியைத் தொட்டுக் காட்டினான்.

அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஓர் இடத்துக்கு இரண்டு பேர். இதில் ஒருத்தன்தான் கடையைவிட்டு நடந்து போவான். கனமான மைக் ஸ்டாண்டு ஒன்றை மெல்லக் கைக்கெட்டும் தூரத்துக்கு இழுத்து வைத்துக்கொண்டாள்.

நெட்டையன் பெரிய கீபோர்டில் இடது கையால் கார்ட்ஸ் பிடித்தான். டிரம்ஸ், பேஸ், கிட்டார் என்று கீபோர்டுக்குள்ளிருந்து ஒரு கூட்டமே அவன் விரல்களுக்குப் பின்னால் தானாக ஓடிவந்தது. ஆனால் பாட்டைக் காணோம். வலது கைதான் பாக்கெட்டிலேயே கிடந்ததே.

அடுத்துக் குட்டையன் வந்து வலது கையை வைத்தான். பாட்டு சுத்தமாக வந்தது, துணைக்குத் தாளம்தான் இல்லை. இந்த அரைகுறை வாசிப்புக்கா இத்தனை வெட்டுக்குத்து என்று அவளுக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

தொழில் புத்தி விடவில்லை. "அறுபத்தொண்ணே எடுத்துக்கங்க தம்பி. இடது பக்கம் கொஞ்சம் கார்ட்ஸுக்கு, மிச்சமெல்லாம் பாட்டுக்கு. ஒரு ஆளுக்குத் தாராளம்."

"இடிக்கும்க்கா" என்றான் நெட்டையன். அவன் இருந்த நீளத்துக்கு இடிக்கத்தான் செய்யும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

"குழுக்காரர் ஆபீஸ் மூணாவது மாடி. லிஃப்டும் கிடையாது" என்றான் குட்டையன். "அவ்ளோ பெரிசை யாரு தூக்கறது, உங்கப்பனா?"

நெட்டையன் தலையாலேயே அவன் மூக்கில் முட்டினான். ரத்தம் அறுபத்தொன்றின் வெள்ளைக் கட்டைகள் மேல் சொட்டுச் சொட்டாக விழுந்தது. குட்டையன் விட்ட உதையில் நெட்டையன் டிரம்ஸ் செட்டோடு மல்லாந்தான். குட்டையன் அவன் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து, துண்டு சுற்றிய கையால் முகத்திலேயே இடித்தான்.

"போன வருஷமே உன்னை முடிச்சிருக்கணும். உன் தங்கச்சி கால்ல விழுந்தாளேன்னு விட்டேன்."

கீழே கிடந்தவன் கைக்குக் கிடைத்த கிட்டார் கேபிளை அவன் கழுத்தில் சுற்றினான். ஒரு முனையை இடது கையில் பிடித்து, மறுமுனையைப் பல்லால் கடித்து இழுத்தான். குட்டையனின் முகம் கறுத்தது, கண்கள் பிதுங்கின. கத்தியை எடுக்க இதைவிட நல்ல நேரம் வாய்க்காது, ஆனாலும் அந்த வலது கை வெளியே வரவில்லை.

வருவதற்குள் அதை உடைத்துவிடுவது என்று கடைக்காரம்மா முடிவு செய்தாள். மைக் ஸ்டாண்டை இரண்டு கையாலும் ஓங்கி அவன் வலது முழங்கையில் ஒரே போடாகப் போட்டாள்.

அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அது செத்த கைக்கா" என்றான். சொல்ல வாயைத் திறந்ததில் கேபிள் நழுவிற்று. குட்டையன் இருமிக்கொண்டே பக்கத்தில் சரிந்தான்.

பாக்கெட்டிலிருந்து கை தானாக வெளியே விழுந்தது. கத்தி இல்லை. ஐந்து விரலும் உள்ளங்கையோடு மடங்கி ஒட்டிப்போயிருந்தன. அவிழ்ந்து கிடந்த துண்டுக்குள்ளும் கம்பி இல்லை. குட்டையனின் இடது கையில் மிச்சமிருந்தது கட்டைவிரல் மட்டும்.

யார் இப்படிச் செய்தது என்று கேட்டாள். இரண்டு பேரும் தாடையால் ஒருத்தரையொருத்தர் காட்டினார்கள். போன வருஷம் அதே அடிதடியில், ஒருத்தன் கை மேல் ஸ்பீக்கர் பெட்டி விழுந்தது, இன்னொருத்தன் கை வேன் கதவில் சிக்கியது.

கடைக் கடிகாரத்தில் மணி மூன்றரை. குட்டையன் மூக்கைத் துண்டால் துடைத்துக்கொண்டான். "சரி, எழுபத்தாறே எடுங்க மச்சான். நானே தூக்கறேன்."

கடைக்காரம்மாவுக்கு மைக் ஸ்டாண்டைக் கீழே வைக்க இன்னும் மனசு வரவில்லை. "ஆளுக்கு ஒரு கைதான் இருக்கு. உங்கள்ல யாருதான் தம்பி வாசிக்கப் போறது?"

நெட்டையன் எழுந்து, குட்டையனைத் தூக்கிவிட இடது கையை நீட்டினான்.

"இடது கை நான்க்கா, வலது கை மாப்ள."