தவிட்டுப் படி

“அந்தப் படிய மட்டும் எடுத்துரு தாயி.”

கோட்டைச்சாமி வாசலிலேயே நின்று சொன்னார்.

ஷாஜியா ஏணிமேல் நின்று தொட்டில் சேலையைக் கட்டிக்கொண்டிருந்தாள். நாளைக்குக் காலையில் திறப்பு விழா. இந்த நேரத்தில் வந்து இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது?

“எதுக்குண்ணே? நல்லாத்தான இருக்கு?”

“நல்லாத்தேன் இருக்கு. வேணாம்.”

உத்தமபாளையத்தில் அவருடைய பழைய ஏலக்காய்க் கிட்டங்கி அது. பூட்டிக் கிடந்ததைப் பிள்ளைப் பருவ அருங்காட்சியகம் வைக்கச் சும்மாவே கொடுத்தவர் அவர். அகமதாபாத்தில் டிசைன் படித்துவிட்டுச் சொந்த ஊருக்கே திரும்பி வந்த ஷாஜியா, கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க வீடு வீடாக ஏறி இறங்கிப் பொருள் சேர்த்தாள். பாலாடை, நடைவண்டி, மரப்பாச்சி, மூலை உடைந்த சிலேட்டு.

அதையெல்லாம் அலமாரியில் அடுக்கிச் சீட்டு ஒட்டி வைப்பதில் அவளுக்கு இஷ்டமில்லை. உள்ளே வருகிறவர்கள் சின்னப் பிள்ளையாகிவிட வேண்டும், அதுதான் அவள் ஆசை. மேஜை நாற்காலியெல்லாம் ரெண்டு மடங்கு பெரிசாகச் செய்ய வைத்தாள். ஏறி உட்கார்ந்தால் எவ்வளவு வளர்ந்தவருக்கும் கால் தரையில் எட்டாது.

உத்தரத்திலிருந்து பழைய சேலைத் தொட்டில்கள் தொங்கின. மலைக்காற்று ஜன்னல் வழியே நுழைந்தால் அத்தனை தொட்டிலும் யாரோ ஆட்டிவிட்டதுபோல ஒன்றாக ஆடும். சேலைகளுக்குள் புகுந்து வரும் வெயில் மஞ்சளும் ஊதாவுமாகத் தரையில் நகரும். சுவரில் ஊறிப்போன ஏலக்காய் வாசம் வேறு. சற்று நேரம் நின்றால் போதும், தூங்குகிறோமா முழித்திருக்கிறோமா என்றே தெரியாது.

அந்த அறையின் நட்டநடுவில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது, தானியம் அளக்கும் அந்த இரும்புப் படி.

கொடுத்தது வேறு யாருமில்லை, கோட்டைச்சாமியின் மனைவி அய்யம்மாள்தான். கோட்டைச்சாமிக்கு முன்னால் பிறந்த குழந்தை ஒன்றுகூடத் தங்கவில்லையாம். இவராவது பிழைக்கட்டும் என்று, பிறந்த கையோடு பக்கத்து வீட்டு அம்மாளுக்கு ஒரு படி தவிட்டுக்கு விற்றார்களாம். இது வேறு வீட்டுப் பிள்ளை என்று எமன் ஏமாந்து போய்விடுவானாம். வாங்கியவரும் “எம்புள்ளைய நீயே வளத்துக் குடு” என்று பெற்றவளிடமே கொடுத்துவிட்டுப் போவாராம்.

“அந்தத் தவிடு அளந்த படிதேன் இது. அதுக்கு மேல எங்க வீட்டுல யாரும் பேச மாட்டாக” என்று சிரித்துக்கொண்டே கொடுத்தாள் அய்யம்மாள்.

“உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்” என்று சொல்லித் தம்பி தங்கச்சியை அழவைக்காத வீடு நம் ஊரில் உண்டா? நிஜமாகவே தவிடு அளந்த படி ஒன்று கையில் கிடைத்தால் விட மனசு வருமா? அந்தப் படியைச் சுற்றித்தான் மொத்த அறையையும் அமைத்திருந்தாள் ஷாஜியா.

“அண்ணே, இது போனா இந்த ரூமே போச்சு. உங்க பேரக்கூட நான் போடல.”

“நாளைக்குத் திறந்துவைக்க நான் கூட்டிட்டு வர்றவுக கண்ணுல அது படக்கூடாது. அம்புட்டுத்தேன்.”

“யாரு வர்றாக?”

“எனக்கு ரொம்ப வேண்டியவுக.”

ஓஹோ, சங்கதி அப்படியா என்று நினைத்துக்கொண்டாள் ஷாஜியா. யாரோ மந்திரியோ கலெக்டரோ வரப்போகிறார். அவர் முன்னால், தவிட்டுக்கு விலைபோன ஆள் என்று தெரிந்தால் இவர் கௌரவம் என்னாவது! மலைமேல் தோட்டம் இருக்கிறது, வாசலில் கார் நிற்கிறது. பெற்றவள் பட்ட பாட்டைச் சொல்லிக்கொள்ள மட்டும் கூச்சம்.

“உசுரோட இருக்கணும்னுதானண்ணே வித்தாக? இதுல என்ன வெக்கம்?” கேட்டேவிட்டாள்.

அவர் உள்ளே வந்து பெட்டியைத் திறந்தார். படியை எடுத்துத் துண்டில் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

ஷாஜியாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. காலிப் பெட்டியில் ஒரு மரப்பாச்சியை வைத்து மூடினாள்.

மறுநாள் காலை, கோட்டைச்சாமியே காரை ஓட்டிவந்தார். அவர் கையைப் பிடித்து இறக்கிவிட்டது, கடமலைக்குண்டிலிருந்து கூட்டிவந்த ஒரு வயசான அம்மாளை. காலில் ரப்பர் செருப்பு.

ஜக்கம்மா என்று பெயர் சொன்னார்கள். ரிப்பனை வெட்டிவிட்டு உள்ளே நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார். எல்லாத் தொட்டில்களும் ஆடிக்கொண்டிருந்தன. ஒன்றைப் பிடித்து, ஏதோ முனகியபடி ரொம்ப நேரம் ஆட்டினார். பிறகு பெரிய நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, எட்டாத காலைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

“ஏலே கோட்டை, இங்கன வாடா! என்னைய எறக்கிவிடு!”

பார்த்துக்கொண்டிருந்த ஷாஜியாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மெதுவாகக் கேட்டாள்.

“யாருண்ணே இவுக?”

“என்னையத் தவிட்டுக்கு வாங்குன ஆத்தா.”

ஷாஜியா திகைத்துப்போனாள். “அப்பறம் ஏண்ணே அத எடுத்தீக? பாத்திருந்தா எம்புட்டுச் சந்தோசப்பட்டிருப்பாக!”

கோட்டைச்சாமி குரலைத் தாழ்த்தினார்.

“என்னைய வாங்குன மறுவாரமே இவுக சொந்தப் புள்ள காச்சல்ல போயிருச்சு. அடுத்த வீட்டு எமன வெல குடுத்து வாங்கிட்டாளேன்னு ஊரே பேசுச்சு. அன்னைலருந்து இவுக வாசல்ல வந்தாலே என்னையப் பெத்த ஆத்தா ஓடிப்போயி அந்தப் படியப் பரண்ல போட்டுரும். எங்காத்தா சாகுற வரைக்கும் ஒளிச்சு வச்சத, நான் கண்ணாடிப் பெட்டியில வைக்கவா தாயி?”