சுத்த சைவம்

வீட்டுக்கு யார் வந்தாலும் காந்திமதி தன் பூனையைக் காட்டிப் பெருமையடிப்பாள்: "எங்க செல்லி சுத்த சைவமாக்கும். தயிர்சோறு தவிர எதையும் தொடாது." இன்று மூச்சிரைத்துக் கிடந்த செல்லியைப் பரிசோதித்த டாக்டர் தலையை ஆட்டினார். "மீன், கறியில இருக்கிற சத்து இல்லாம இதயம் வீங்கிருச்சும்மா. இப்பவாவது குடுங்க, பிழைக்கலாம்." மாத்திரையோடு, வாழ்நாளில் முதல்முறையாக, மீனும் வாங்கினாள். பூஜையறைக் கதவைச் சாத்திவிட்டு வேகவைத்து, முள்ளெடுத்து நீட்டினாள். செல்லி முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. தள்ளாடிப் போய்த் தன் தயிர்சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தது. அதன் விலா படபடவென்று அடித்துக்கொண்டது. காந்திமதியும் தரையில் உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு துண்டைத் தன் வாயில் போட்டாள். "பாரு செல்லி, அம்மா திங்கேம்லா. நீயும் ஒரு வாய் வாங்கிக்கோ."