ரத்தத்தில் தெரியுமா?

உப்புப் பாத்திகளில் பட்டுத் திரும்பும் காலை வெயில் கதவு வழியாக வந்து லூர்துசாமியின் நீட்டிய கை மேல் விழுகிறது. ஆறு வருடமாக மனச்சிதைவுக்கு மாத்திரை சாப்பிடுகிறவன். போன மாசியில் சாகப் போனவனை உப்பள ஆட்கள்தான் மீட்டுக் கொண்டுவந்தார்கள். ஆராய்ச்சிக்காக ரத்தம் எடுக்க வந்திருக்கும் நர்ஸ் கலைமதி, குழாய் நிறைவதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். கதவோரம் நிற்கும் அவன் அம்மா அந்தோணியம்மாளின் கால்விரல்களில் உப்பு வெள்ளையாகக் காய்ந்திருக்கிறது. “மறுபடியும் அப்படிப் பண்ணிக்குவானான்னு இதுல தெரிஞ்சிடுமாம்மா?” என்று கேட்கிறாள். “இன்னும் அந்த அளவுக்கு வரலைங்க. அதுக்குத்தான் நிறைய பேர்கிட்ட எடுத்துப் பாக்குறோம்” என்றபடி கலைமதி குழாயை ஐஸ் பெட்டிக்குள் வைத்து மூடுகிறாள்.

லூர்துசாமி பஞ்சை அழுத்திக்கொண்டு தரையைப் பார்க்கிறான். “என்னைக் கேட்டா நானே சொல்லுவேன்ல.” அந்தப் பேச்சை எடுத்தால் அவனுக்கு ஞாபகம் வந்துவிடுமோ என்று இத்தனை மாதமும் வாயைத் திறக்காமலே இருந்த அம்மா, மெதுவாக வந்து அவன் பக்கத்தில் உட்கார்கிறாள். “சொல்லுப்பா.” அவன் குரல் தாழ்கிறது. “காலையிலேருந்து அன்னைக்குக் கேட்ட அந்தக் குரல் கூப்பிட்டுட்டே இருக்குதும்மா. நான் போகல.” அந்தோணியம்மாள் அவன் மணிக்கட்டை இறுகப் பற்றிக்கொள்கிறாள். கிளம்புவதற்காகப் பெட்டியைத் தூக்கிய கலைமதி, அதைக் கீழே வைத்துவிட்டு அவர்களுக்கு எதிரில் தரையில் உட்கார்கிறாள்.